கற்பனை மொழிக்கு சப்டைட்டில் போடலாமா, வேண்டாமா?

கேட்டிருப்பது இதுதான்: ஒரு மாயக் காவியத்தைப் படமாக்கும்போது அதிலுள்ள கற்பனை மொழியை அப்படியே பேசவைத்து சப்டைட்டில் போடுவதா, எல்லாரையும் பார்ப்பவர்களின் மொழியிலேயே பேசவைத்துவிடுவதா?

சப்டைட்டில் எழுதுவதுதான் என் வேலை. அந்தக் காட்சியை நாம் யாருடைய காதால் கேட்கிறோம் என்று முதலில் முடிவுசெய்ய வேண்டும் என்பேன். அது தெரிந்தால் சப்டைட்டில் வேண்டுமா வேண்டாமா என்பது தானாகவே தெரிந்துவிடும்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் 3ஆம் சீசன், 4ஆம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். நாடிழந்த இளவரசி டெனேரிஸ், தன் டிராகன் ஒன்றைக் கொடுத்து அடிமைப் படையை வாங்க வந்திருக்கிறாள். அடிமை வியாபாரி கிராஸ்னிஸ் வலிரிய மொழியில் அவளை வாய்க்கு வந்தபடி ஏசுகிறான். பக்கத்தில் நிற்கும் மிஸாண்டேய் அதையெல்லாம் மரியாதையாக மாற்றிச் சொல்கிறாள். சப்டைட்டிலால் ஏச்சு முழுக்க நமக்குப் புரிகிறது. பாவம், டெனேரிஸுக்குத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பேரம் முடிந்து, டிராகனின் சங்கிலி அவன் கைக்குப் போன பிறகு, அவள் வாயைத் திறக்கிறாள்: "ஜல்த்ரீஜெஸ் புஜ்தாரி இக்சோஸ் தாவோர்." டிராகன் அடிமை அல்ல. வலிரியன் அவளுடைய தாய்மொழி!

மூல நாவலில் இந்த அதிர்ச்சி கிடையாது. அங்கே நாம் அவள் மனதுக்குள்ளேயே இருக்கிறோம். புரிந்தும் புரியாததுபோல் அவள் நடிப்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். தொடர் நம்மை அவள் மனதிலிருந்து வெளியே கொண்டுவந்து எதிரில் உட்காரவைத்தது. எல்லாரும் ஒரே மொழி பேசியிருந்தால் இந்தக் காட்சியே இல்லை.

அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை பாருங்கள். மொழியியலாளர் டேவிட் பீட்டர்சன் தொடருக்காக உருவாக்கிய வலிரிய மொழியில் நம் மொழியைப் போலவே வினை கடைசியில்தான் வரும். 'அல்ல' என்ற மறுப்பு கடைசிச் சொல்லில் விழுகிறது. தமிழில் எழுதுபவருக்கு அந்த அடியை அதே இடத்தில் வைக்க முடிகிறது. எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

மோரியா வாசல் வேறு மாதிரிச் சிக்கல். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதல் படத்தில் (2001) மோரியா என்ற நிலத்தடி நகரத்தின் மூடிய கதவின் மேல், எல்ஃப்களின் சிண்டாரின் மொழியில் எழுதியிருக்கும்: "பெடோ மெல்லோன் ஆ மின்னோ". 'மெல்லோன்' என்றால் நண்பன். நண்பனே, கடவுச்சொல்லைச் சொல், உள்ளே வா என்று மந்திரவாதி கண்டால்ஃப் எடுத்துக்கொள்கிறார். உண்மையில், 'நண்பன்' என்ற சொல்லைத்தான் சொல்ல வேண்டும். கூப்பிடும்போதும் மெல்லோன், வெறும் சொல்லாகக் காட்டும்போதும் மெல்லோன் என்பதால்தான் புதிர் நிற்கிறது. தமிழில் "நண்பரே, பேசுங்கள்" என்று பணிவாகப் போட்டால் போச்சு. "நண்பன் என்று சொல்" என்றாலோ விடையே வெளியே வந்துவிடும். "சொல் நண்பா, உள்ளே வா" என்றால் இரண்டு பொருளும் உள்ளே இருக்கும். நான்கே சொல், ஆனால் அதற்கு அரை நாள் கொடுக்கலாம்.

சப்டைட்டிலே கூடாத இடங்களும் உண்டு. 'பாகுபலி'யில் காலகேயர்களுக்காக மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி மொழியில் சுமார் 750 சொற்கள், 40 இலக்கண விதிகள். இவ்வளவு உழைப்பும் நமக்குப் புரியவைப்பதற்காக இல்லை. போர்க்களத்தில் நாம் நிற்பது மகிழ்மதியின் பக்கம். எதிரியின் நாக்குச் சொடுக்கு காதில் பயமுறுத்தும் சொடுக்காகவே விழ வேண்டும். ஆனால் இலக்கணம் இல்லாமல் வாய்க்கு வந்ததை உளறவைத்தால் அந்தப் பயம் வராது. ஒரே ஒலி, ஒரே விகுதி திரும்பத் திரும்ப வருவதைக் காது கண்டுபிடித்துவிடும். இவர்கள் நிஜமாகவே ஏதோ பேசிக்கொள்கிறார்கள் என்று நம்பும்.

அதே 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதல் படத்தில், எல்ஃப் தலைவர் எல்ராண்டின் சபையில் கண்டால்ஃப் மோதிரத்தில் பொறித்த வரிகளைத் தீயவர்களின் கறுப்பு மொழியில் சொல்வாரே, படத்தின் நீட்டித்த பதிப்பில் உண்டு. வானம் இருளும். அந்த வரிகளின் பொருளை அவர் முன்பே, கதாநாயகன் ஃப்ரோடோவின் வீட்டிலேயே சொல்லிவிட்டார். அந்தக் காட்சி என்னிடம் வந்தால் கீழே ஒரு எழுத்துகூடப் போடாமல் விட்டுவிடுவேன்.