மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் என் பயமும்

அன்புள்ள சேர்,

2024 நவம்பர் பொதுத் தேர்தல் முடிவு வந்த வாரம் நீங்கள் எழுதிய குறிப்பை இப்போதுதான் படித்தேன். "மகிழ்ச்சியாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது" என்று மட்டும் சொல்லி முடித்திருந்தீர்கள். நானும் அம்மாவும் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்குத்தான் வாக்களித்தோம். எங்கள் வீட்டில் அதற்கு முன் தமிழ்க் கட்சிகளைத் தவிர வேறு எதற்கும் யாரும் புள்ளடி போட்டதில்லை. விலைவாசி, லஞ்சம், திரும்பத் திரும்ப அதே முகங்கள், அதே பேச்சு. அலுத்துப்போய்விட்டது. ரொறன்ரோவில் இருக்கும் மாமா "இனத்தை விற்றுப்போட்டீர்கள்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தவர், அதன்பின் பல மாதம் எங்களோடு கதைக்கவில்லை. அரசியல் படிப்பிக்கும் நீங்களும் எங்களைப் பற்றி அப்படித்தான் நினைக்கிறீர்களா? இல்லையென்றால் அந்தப் பயம் எதற்கு? பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் தேர்தல் முடிவைப் பார்த்து இப்படி வெளிப்படையாக மகிழ்வதும் பயப்படுவதும் சரியா? எனக்கு 29 வயது. உங்களுக்குத் தெரிந்த பழைய கதைகள் எனக்குத் தெரியாது. சொல்லுங்கள்.

ச., வவுனியா

அன்புள்ள ச.,

நீங்களும் உங்கள் அம்மாவும் எதையும் விற்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

யாழ்ப்பாண மாவட்டக் கணக்கைப் பாருங்கள். 6 ஆசனங்களுக்கு 44 கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும், மொத்தம் 396 வேட்பாளர்கள். தேசிய மக்கள் சக்தி பெற்றது 80,830 வாக்கு, ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. ஆனால் கிடைத்தது 3 ஆசனம், அதாவது பாதி. முதலாவதாக வரும் கட்சிக்கு எங்கள் முறையில் ஒரு ஆசனம் போனஸ். 5 வீதம் எடுக்காதவர்களின் வாக்குகள் கணக்கிலிருந்தே கழிக்கப்படும். தமிழ்த் தரப்பு சிதறி நின்றதால் மிச்சத்தைக் கணக்கு செய்துவிட்டது. கொழும்பில் சிலர் சொன்னதுபோல "வடக்கு தேசியப் பிரச்சினையைக் கைவிட்டுவிட்டது" என்பதற்கும், உங்கள் மாமா சொன்னதற்கும் இந்த எண்களில் இடமில்லை. நாலில் மூன்று பங்கு வாக்கு வேறெங்கோ போயிருக்கிறது.

ஆனால் அந்த நாலில் ஒரு பங்கையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் இதே மாவட்டத்தில் அந்தக் கட்சியின் தலைவர் அநுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தது 27,000 சொச்சம். இரண்டு மாதத்துக்குள் அது மூன்று மடங்கானது. தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன்புதான் பலாலி - அச்சுவேலி வீதியில் மூடிக்கிடந்த பகுதி முப்பது வருடங்களுக்கு மேல் கழித்துத் திறந்தது. அந்த வீதியால் போய்ப் பார்க்கவென்றே சனம் மோட்டார் சைக்கிளில் கிளம்பியது. சின்ன விஷயம்தான். ஆனால் கேட்டுக் கேட்டுக் களைத்த ஒருவருக்கு அது சின்னதாகத் தெரியாது. அப்புறம் 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் தமிழரசுக் கட்சி மறுபடியும் முதலிடத்துக்கு வந்தது. ஆறு மாதத்தில் மனம் மாறியவர்களை யாரும் ஏமாளிகள் என்று சொல்லவேண்டாம். அவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் அந்தத் தேர்தலுக்குரியதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சரி, என் மகிழ்ச்சிக்கு வருகிறேன்.

1980களின் பிற்பகுதியில் நான் பேராதனையில் மாணவன். விடுதியில் என் அறைத் தோழன் மாத்தளைப் பக்கத்துச் சிங்களக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவன். எனக்குச் சிங்களம் படிப்பித்தவன் அவன்தான். இன்றைய தேசிய மக்கள் சக்தியின் தாய்க் கட்சியான ஜே.வி.பி.யின் ஆதரவாளன். 1987இல் மாகாண சபைகளுக்கு வழிவகுத்த இந்திய - இலங்கை ஒப்பந்தம் வந்தபோது இரவிரவாகச் சண்டை பிடித்தோம். மாகாண சபை நாட்டை உடைத்துவிடும் என்பான். அதுவும் இல்லையென்றால் எங்களுக்கு என்னதான் இருக்கிறது என்று நான் கேட்பேன். விடிந்ததும் ஒன்றாகத் தேநீர் குடிக்கப் போவோம். பிறகு வளாகத்தை மூடிவிட்டார்கள். 1989 ஒக்டோபரில் பேராதனை வளாகக் குளத்தைச் சுற்றி வெட்டுண்ட தலைகளை வைத்திருந்தார்கள் என்ற செய்தி யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு எட்டியது. 1990இல் நாங்கள் திரும்பிப் போனபோது அவன் வரவில்லை. ஊரில் விசாரித்தேன். இரவில் ஜீப்பில் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள் என்றார் தாயார். அவ்வளவுதான் தெரியும்.

அநுரவும் அந்தக் காலத்தில் பேராதனைக்கு வந்து, உயிராபத்தால் அங்கிருந்து விலகி, களனியில் பட்டம் பெற்றவர். என் நண்பனுக்கும் அவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. 2024 செப்டெம்பர் 23 அன்று அவர் பதவியேற்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது நான் அழுதேன். ஜே.வி.பி.யின் கிராமத்துப் பிள்ளைகள் இந்த நாட்டில் ஆட்சிக்கு வருவதற்கு இரண்டு முறை ஆயுதம் தூக்கி, இரண்டு முறையும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இம்முறை வாக்குச் சீட்டோடு வந்தார்கள். பொதுத் தேர்தல் நடந்த நவம்பர் 14, ஜே.வி.பி.யின் நிறுவனர் விஜேவீர கொல்லப்பட்ட 35ஆவது ஆண்டு நினைவுக்கு மறுநாள். என் நண்பனின் தாயார் அந்த நாளைக் காண உயிரோடு இல்லையே என்று நினைத்தேன்.

இன்னொரு மகிழ்ச்சியும் உண்டு. 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் கேட்டு மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தோம். அந்தப் போராட்டத்தில் முன்னுக்கு நின்றவர்களில் ஒருவர் ஹரிணி அமரசூரிய. இன்று அவர் பிரதமர், கல்வி அமைச்சரும் அவர்தான். 6 வீதம் இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறது. ஆனாலும் வகுப்பறையிலிருந்து போன ஒருவர் அந்தக் கதிரையில் இருப்பது என்னைப் போன்றவர்களுக்கு முக்கியம்.

பயத்தை விளக்கக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் 159 பேர். மூன்றில் இரண்டுக்கு 150 போதும். விகிதாசார முறை வந்தபின் தனியொரு அணி தேர்தலிலேயே இதைத் தாண்டியது இதுதான் முதல் தடவை. அதற்கு முன் தாண்டியவர்கள் என்ன செய்தார்கள்? 1970இல் ஐக்கிய முன்னணி 151 தொகுதிகளில் 116ஐ வென்றது. இரண்டு வருடத்தில் 1972 அரசியலமைப்பு. சிறுபான்மையினருக்கு முந்தைய சோல்பரி அரசியலமைப்பில் இருந்த 29ஆவது பிரிவின் பாதுகாப்பு போனது, பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. தமிழரசுக் கட்சி அரசியல் நிர்ணய சபையிலிருந்து வெளியேறியிருந்தது, எவரும் அதற்காகக் காத்திருக்கவில்லை. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி 168இல் 140. அடுத்த வருடம் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறை, அதற்கடுத்த வருடம் பயங்கரவாதத் தடைச் சட்டம். மூன்று வருடத்துக்கென்று கொண்டுவந்ததை 1982இல் நிரந்தரமாக்கினார்கள். நான் இதை எழுதும்போதும் அது சட்டமாகவே இருக்கிறது. மாகாண சபைகளைத் தந்த 13ஆவது திருத்தமும் அதே பெரும்பான்மையால்தான் நிறைவேறியது என்று ஒருவர் சொல்லலாம். உண்மை. ஆனால் இந்தியா தலைக்குமேல் நின்றதால் நிறைவேறியது. 2020இல் ராஜபக்சக்கள் கூட்டாளிகளையும் சேர்த்துக்கொண்டு மூன்றில் இரண்டை எட்டியபோது கிடைத்தது ஜனாதிபதியின் அதிகாரத்தை மறுபடியும் பெருக்கிய 20ஆவது திருத்தம்.

ஆகவே நவம்பர் 15 காலையில் அந்த எண்ணைக் கேட்டதும் என் வயிற்றில் ஒரு பயம் வந்தது. என் தலைமுறைத் தமிழருக்கு அது தானாக வரும். வென்றவர்கள் கெட்டவர்கள் என்பதால் வந்த பயமில்லை. எங்களிடம் கேட்காமலே எங்களைப் பற்றி எழுதக்கூடிய பலம் ஒருவருக்குக் கிடைத்துவிட்டது என்பதால் வந்தது. அதோடு, வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் போனவர்கள் ஜே.வி.பி.யினர். 2006இல் தீர்ப்பு வந்தது, 2007 முதல் இரு மாகாணமும் தனித்தனி. இதை என்னால் மறக்கமுடியாது. என் நண்பனுக்காக அழுததும் அதே நான்தான்.

2015இலும் நம்பிக்கை வந்ததே என்று உங்கள் மாமா கேட்பார். வந்தது. புதிய அரசியலமைப்பை எழுத அரசியலமைப்புச் சபை கூடியது, இடைக்கால அறிக்கையும் வெளியானது. 2018 ஒக்டோபரில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மஹிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கியதோடு எல்லாம் நின்றது. அப்போது சொல்லப்பட்ட சாட்டு, பலம் போதாது என்பது. இன்றைய அரசு அந்தச் சாட்டைச் சொல்லமுடியாது. 2015 - 2019 முயற்சியைத் தொடர்ந்து முடிப்போம் என்றும், பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்றும் தங்கள் தேர்தல் விஞ்ஞாபனத்திலேயே எழுதியிருக்கிறார்கள். எழுதியதைச் செய்வதற்கான கைகள் பாராளுமன்றத்தில் இருக்கின்றன. 2025 மார்ச்சில் வடக்கில் கிட்டத்தட்ட 6,000 ஏக்கர் காணிக்கு உரிமை கோராவிட்டால் அரச காணி என்று வர்த்தமானி வந்தபோது எங்கள் பக்கத்துச் சனத்தின் தூக்கம் போனது. எதிர்ப்பும் வழக்கும் வந்தபின் அதை மீளப்பெற்றார்கள். மீளப்பெற்றதை நான் மதிக்கிறேன். ஆனால் போரில் உறுதிகளைத் தொலைத்த, நாட்டைவிட்டே போன ஆட்களின் காணியை மூன்று மாதத்தில் நிரூபி என்று எழுதிய மேசையில் ஒரு தமிழர் இருந்திருந்தால் அந்தக் காகிதம் வெளியே வந்திருக்காது.

பல்கலைக்கழக ஆசிரியர் இப்படி உணர்ச்சியைக் காட்டலாமா என்று கேட்டீர்கள். வகுப்பில் எல்லாக் கட்சிக்கும் ஒரே அளவுகோல், விடைத்தாளில் மாணவரின் வாதத்தை மட்டுமே பார்ப்பது, இவை என் கடமை. அதில் நான் கண்டிப்பானவன். ஆனால் நானும் வாக்காளன். 1972 அரசியலமைப்பு என் பெற்றோரின் வாழ்க்கையில் நடந்தது, 1979 சட்டம் என் ஊர்ப் பிள்ளைகளைக் கொண்டுபோனது. எனக்கு மகிழ்ச்சியும் இல்லை, பயமும் இல்லை என்று எழுதினால் அது பொய்யாக இருக்கும். மாணவர்கள் பொய்யை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

உங்கள் வயதைச் சொன்னதால் ஒன்று கேட்கிறேன். வட மாகாண சபைக்கு முதலும் கடைசியுமாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். அப்போது உங்களுக்கு வாக்கில்லை. சபையின் காலம் 2018இல் முடிந்தது, அதன்பின் ஆளுநர் ஆட்சி. நீங்கள் ஒருமுறைகூட மாகாண சபைக்கு வாக்களித்ததில்லை. வவுனியா அடங்கும் வன்னித் தேர்தல் மாவட்டத்தில் திசைகாட்டிக்கு இரண்டு உறுப்பினர்கள் இருக்கிறார்கள், நீங்களும் உங்கள் அம்மாவும் அனுப்பியவர்கள். அந்தத் தேர்தல் எப்போது என்று அவர்களுக்குக் கடிதம் எழுதுங்கள், வாக்களித்தவர் என்ற உரிமையோடு எழுதுங்கள். யாழ்ப்பாணத்தின் மூவருக்கும் நான் எழுதியிருக்கிறேன். பதில் கிடைத்ததும் இங்கே வெளியிடுகிறேன். உங்களுக்கு வருவதையும் அனுப்பிவையுங்கள்.