பெட்ரோல் முள் தப்பாகக் காட்டியது சரி, பழைய ஃப்ளோட் எங்கே?

கேள்வி: என்னிடம் இருப்பது 1999 மாடல் மாருதி 800. பெட்ரோல் முள் சரியாகக் காட்டவில்லை என்று, பல வருடம் பழகிய மெக்கானிக்கிடம் விட்டேன். முதலில் டேங்க் ஃப்ளோட்டை (பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் மிதவையை) மாற்றினார். சரியாகவில்லை. அப்புறம் மீட்டரையே மாற்றினார். மொத்தம் 7,400 ரூபாய். சில நாள் கழித்து மச்சினர் மகள் நிச்சயதார்த்தத்துக்கு வள்ளியூர் போகும் வழியில், மூன்றடைப்பு தாண்டி பெட்ரோல் இல்லாமல் வண்டி நின்றுவிட்டது. பத்து லிட்டர்தான் போட்டிருந்தேன், ஆனாலும் முள் ஃபுல்லிலேயே நின்றது. ராத்திரி நேரம் நாலுவழிச் சாலையில் குடும்பத்தோடு நின்றோம். சபையில் எங்களுக்குப் பெரிய தலைகுனிவு. மறுநாள் வேறொரு மெக்கானிக் அரை மணி நேரத்தில், வயர் பாடியில் உரசுகிறது என்று கண்டுபிடித்து, டேப் சுற்றி 300 ரூபாயோடு முடித்துவிட்டார். முதல் ஆள் மேல் மோசடி வழக்குப் போட்டு 2 லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை)

வக்கீலின் பதில்: ஐயா, நிச்சயதார்த்தத்தையும் தலைகுனிவையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். மறைமுகமான, தொலைவான நஷ்டத்துக்கு ஈடு கிடையாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவே சொல்கிறது. 2 லட்சத்தை மறந்துவிடலாம். மோசடியும் நிற்காது. ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். பழுதைத் தப்பாகக் கணித்தது அந்தக் கணக்கில் வராது. ஸ்டேஷனுக்குப் போனால் ‘இது சிவில் மேட்டர்’ என்று திருப்பி அனுப்புவார்கள்.

மிஞ்சுவது நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு. அதிலும், சரியாகவில்லை என்பது மட்டும் குறைபாடு ஆகாது. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் பொருளை மாற்றினாரா என்பதுதான் கேள்வி. உங்கள் வண்டி மாதிரி பழைய வண்டியில் இதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். டேங்க் பக்கம் ஃப்ளோட் வயரைக் கழற்றினால் முள் கீழே இறங்க வேண்டும். இறங்காமல் ஃபுல்லிலேயே நின்றால் ஃப்ளோட் மேல் குற்றமில்லை. அடுத்து மீட்டர் பின்னால் அதே வயரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அங்கே முள் இறங்கிவிட்டால் மீட்டரும் நன்றாக இருக்கிறது, நடுவில் எங்கோ வயர் பாடியைத் தொட்டு எர்த் ஆகிறது என்று அர்த்தம். இதைச் செய்திருந்தால் 7,400 ரூபாய் செலவே வந்திருக்காது. உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை.

ஆனால் அதை எதை வைத்து நிரூபிப்பீர்கள்? கழற்றிய பழைய ஃப்ளோட்டும் பழைய மீட்டரும் எங்கே இருக்கின்றன என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. இந்த வழக்கே அந்த இரண்டு பொருள்தான். பழைய ஃப்ளோட்டின் கையை மேலும் கீழும் அசைத்து மல்டிமீட்டரில் பார்த்தால், ஓம்ஸ் (மின்தடை அளவு) சீராக ஏறி இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். சீராக இருந்தால் நல்ல பொருளைக் கழற்றி எறிந்தார் என்று காட்டலாம். பொருளே இல்லையென்றால் ‘ஃப்ளோட்டும் போயிருந்தது, வயரும் போயிருந்தது, பழைய வண்டி சார்’ என்று அவர் ஒரே வரியில் முடித்துவிடுவார். குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார் கொடுத்தவருக்குத்தான்.

என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் விழும் குழி இதுதான். கோபத்தில் நேராக அடுத்த ஷெட்டுக்குப் போய் வண்டியைச் சரி பண்ணிவிட்டு, அப்புறம் வக்கீலைத் தேடுவார்கள். அதற்குள் உரசின இடத்தில் டேப் ஏறிவிட்டது. போட்டோ இல்லை. ‘ரெண்டாவது மெக்கானிக் சொல்வார் சார்’ என்பார்கள். சொல்ல மாட்டார். ஒரே ஊரில், ஒரே ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கடன் வைத்துப் பிழைக்கிறவர், உங்களுக்காகப் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இன்னொரு மெக்கானிக்கைப் பகைத்துக்கொள்வாரா? கேட்டுப் பாருங்கள். ‘ஆளை விடுங்க அண்ணாச்சி’ என்பார்.

இன்னொரு சங்கடத்தை நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். பத்து லிட்டர் போட்டேன், முள் ஃபுல்லில் நின்றது என்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இது போதும். பத்து லிட்டருக்கு டேங்க் நிறையாது என்று தெரிந்தும் ராத்திரி குடும்பத்தோடு கிளம்பியது யார் என்று கேட்பார். இந்த வரியை இனி எங்கேயும் எழுதாதீர்கள் என்று நான் சொல்ல முடியாது, பொய் சொல்லச் சொன்னதாகிவிடும். பதில் இருந்தால் யோசித்து வையுங்கள்.

பில் என்று ஏதாவது இருக்கிறதா? யூபிஐ-யில் பணம் போயிருந்தால் பணம் கொடுத்ததற்குச் சாட்சி. எதற்குக் கொடுத்தீர்கள் என்பதை அது சொல்லாது. ‘ஃப்ளோட் போயிட்டு சார், மாத்தணும்’ என்று வாட்ஸ்அப்பில் அவர் பேசி அனுப்பியிருந்தால் அது தங்கம். அந்த போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம். தாக்கல் செய்யும்போது மின்னணுப் பதிவுகளுக்கு 2023 சாட்சிய சட்டம் 63-வது பிரிவு கேட்கும் சான்றிதழும் சேர்த்து வைக்க வேண்டும். அதே வாட்ஸ்அப்பில் தெரு குரூப், பள்ளிக்கூட குரூப் என்று அவரைத் ‘திருடன்’ என்று போட்டிருந்தால் இன்றே அழித்துவிடுங்கள். 7,400 ரூபாய்க்குப் புகார் கொடுக்கப் போனவர், அவதூறு வழக்கில் எதிரியாக நிற்க நேரும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். 5 லட்சம் வரை ஆணையத்தில் கட்டணம் இல்லைதான். ஆனால் என் ஃபீஸ் உண்டு, வாய்தா உண்டு, உங்கள் அலைச்சல் உண்டு. முழுதாக ஜெயித்தாலும் கையில் மிஞ்சுவது சொற்பம்.

பழக்கமான மெக்கானிக் என்கிறீர்கள். இரண்டு பேருக்கும் வேண்டிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போங்கள். பேச்சை நஷ்டஈட்டில் ஆரம்பிக்காமல் ‘பழைய சாமானைக் கொடுங்க’ என்று ஆரம்பியுங்கள். இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தால் உங்கள் கை ஓங்கும். இல்லை என்று மழுப்பினால், இரண்டு பொருளின் விலையையாவது திருப்பிக் கேளுங்கள். கூலியை விட்டுவிடுங்கள். 4,000 ரூபாய் வரை வந்தால் வாங்கிக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

‘எனக்கு எந்தப் பாத்தியதையும் (உரிமையும்) இல்லை’ என்று அவர் எழுதிக் கேட்டால், பணம் கணக்கில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், முன்னால் வேண்டாம். ‘அடுத்த மாசம், தீபாவளிக்கு அப்புறம்’ என்று இழுத்தால் ஒரு நோட்டீஸ் அனுப்பி வைப்போம். நீங்கள் பேசிக்கொண்டிருப்பதால், ஆணையத்தில் புகார் கொடுப்பதற்கான இரண்டு வருடக் காலவரம்பு உங்களுக்காக நிற்காது.