சூடா இருக்கும்போது மட்டும் கார் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்குதா?

காலைல ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகுது, ஓட்டிட்டு வந்து 20 நிமிஷம் நிறுத்திட்டு எடுத்தா இழு இழுன்னு இழுக்குதுன்னு கேட்டிருக்கீங்க, பேட்டரியை மாத்திடாதீங்க, செல்ஃப் நல்லா சுத்துதுன்னா தப்பு அங்க இல்ல.

பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டில முதல்ல பார்க்க வேண்டியது ஃப்யூல் பிரஷர். இன்ஜினை நிறுத்தினதும் லைன்ல பிரஷர் கொஞ்ச நேரம் நிக்கணும், பம்ப்ல இருக்கற செக் வால்வு (பெட்ரோல் டேங்குக்குத் திரும்பிப் போகாம தடுக்கறது) போச்சுன்னா அது இறங்கிடும், அப்புறம் இன்ஜின் சூட்டுல லைன்ல இருக்கற பெட்ரோல் ஆவியாகிடும். சாவியை ஆன் பண்ணி 2 செகண்ட் விட்டு ஆஃப் பண்ணுங்க, இப்படி ரெண்டு மூணு தடவை பண்ணிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, உடனே பிடிச்சா பிரஷர்தான் பிரச்சனை.

அதுக்கு மசியலயா, ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு செல்ஃப் அடிங்க. நிறைய வண்டில அப்போ ஈசியூ (இன்ஜினை கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) பெட்ரோலை நிறுத்திடும். அதுல பிடிச்சு பெட்ரோல் வாடையும் அடிச்சா உள்ள பெட்ரோல் அதிகமாகிடுச்சுன்னு அர்த்தம்: பெட்ரோலைப் பீச்சற இன்ஜெக்டர் ஒழுகுது, இல்லன்னா இன்ஜின் சூட்டை அளக்கற கூலண்ட் சென்சார் இன்ஜின் ஜில்லுன்னு இருக்குன்னு பொய் சொல்லுது, ஸ்கேனர்ல டெம்பரேச்சர் பார்த்தா தெரிஞ்சிடும்.

ரெண்டும் இல்ல, ஆறினாதான் எடுக்குதுன்னா கிராங்க் சென்சார் (இன்ஜின் சுத்தறதை ஈசியூவுக்குச் சொல்றது) மேலதான் எனக்கு சந்தேகம்.