முரட்டு பிரஷ்ஷும் சிரிக்காத அம்மாவும் – கடிதம்

அண்ணா வணக்கம்,

போன வாரம் நீங்க போட்டிருந்த குரோவேஷிய ஓவியர் யோசிப் ராச்சிச்சோட 'தாயும் குழந்தையும்' ஓவியத்தையே பாத்துட்டு இருந்தேன். அந்தம்மா முகத்துல துளி சந்தோஷம் இல்ல. பிரஷ்ஷும் முரட்டுத்தனமா ஓடுது. இது எக்ஸ்பிரஷனிசம்தானே, உள்ளுக்குள்ள இருக்கற உணர்ச்சிய உருவத்த கோணலாக்கிக் காட்டற அந்தப் பாணி? வரைஞ்ச அதே வருஷம் தற்கொலை பண்ணிக்கிட்டாராமே, அந்த வலிதான் படத்துல தெரியுதா?

– ஒரு வாசகி

தங்கச்சிக்கு,

எக்ஸ்பிரஷனிசம் இல்லம்மா. ராச்சிச் 1885ல ஸாக்ரெப் பக்கம் பொறந்து, ம்யூனிக் போயி ஆன்டன் ஆஷ்பேங்கிற ஸ்லோவேனிய வாத்தியார்கிட்ட படிச்சவர் (பிரபல ரஷ்ய ஓவியர் கான்டின்ஸ்கியும் அவர்கிட்ட படிச்சவர்தான்). ஆஷ்பே ரெண்டு விஷயத்துல கறார், தலைய மொதல்ல ஒரு உருண்டையா பாரு, அப்புறம் அகல பிரஷ்ஷ எடுத்து தைரியமா ஒரே இழுப்பா வை, தேய்ச்சு வழவழப்பாக்காத. நீங்க முரடுன்னு சொல்றது அந்தப் பயிற்சி. ஜூம் பண்ணி கன்னத்த பாருங்க, வெளிச்சம் திரும்புற எடத்துல கோடே கிடையாது, ஒரு நிறத்துக்குப் பக்கத்துல கொஞ்சம் மங்கலா இன்னொண்ணு, அவ்ளோதான், முகம் தானா எழும்பி வந்துடுது. அவர் கத்தல, உத்துப் பாக்கறார்.

குரோவேஷியாவுல எக்ஸ்பிரஷனிசம் சூடு பிடிச்சது மொத உலகப்போர் சமயத்துல, 1916ல தொடங்குன 'வசந்த சலோன்' கண்காட்சிகளை ஒட்டி. அந்தப் பாணியில வரைஞ்ச வில்கோ கெட்சானோட 'சினிக்' (1921) ஓவியத்த தேடிப் பாருங்க, அறையே கோணிக்கிட்டு ஆள் மேல சாயற மாதிரி இருக்கும். ராச்சிச் படத்துல எதுவும் சாயாது.

தற்கொலை விஷயம் உண்மைதான். 1908 ஜூன்ல பாரிஸ் ஹோட்டல் ரூம்ல சுட்டுக்கிட்டார், 23 வயசு. ஆனா முடிவு தெரிஞ்சுட்டு பாத்தா எந்தப் படத்துலயும் சாவு தெரியும், அதான் எனக்கு எரிச்சல். அதே பாரிஸ் மாசங்கள்ல லூவ்ர் மியூசியத்துக்குப் போயி பழைய மாஸ்டர்கள காப்பி பண்ணிட்டு இருந்த பையன் அவர், அப்போ போட்ட வாட்டர்கலர்ஸ் பாருங்க, செய்ன் ஆறு, போன் தெ ஆர் பாலம்னு, ஈரம் காயாத மாதிரி அவ்ளோ லேசு. அதுவும் இதே கை போட்டதுதானே, அதுல வலி எங்க இருக்கு?

அந்தம்மா ஏன் சிரிக்கலன்னு கேட்டா, ஒரு குழந்தையையும் அசையாம வச்சுக்கிட்டு மணிக்கணக்கா போஸ் குடுத்துப் பாருங்க, நமக்கும் அதே மூஞ்சிதான் வரும்.