கேளுங்கள், சொல்கிறேன்: கூண்டும் குழாயும் கைப்பேசியும்

? கஜா புயல் அடித்த ராத்திரி போன போன், எங்கள் ஊரில் பல நாள் திரும்ப வரவில்லை. மறுபடி அப்படி ஒன்று வந்தால் சேதி தெரிந்துகொள்ள என்ன வழி?
- ஒரு வாசகி, வேதாரண்யம்

முதலில் போனது கரண்ட், அம்மா. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா உங்கள் பக்கம் கரையேறியபோது லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. டவர் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். பிறகு ஜெனரேட்டர், அதற்கு டீசல். ரோடெல்லாம் மரம் கிடக்கையில் டீசலை யார் கொண்டுபோவது?

டவர் உயிரோடு இருந்தாலும் ஊரே ஒரே சமயத்தில் ‘ஹலோ’ சொன்னால் லைன் கிடைக்காது. தொலைபேசி இலாகாவில் காலம் தள்ளியவன் சொல்கிறேன், எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அது கிடைத்த சந்தில் நுழையும்; முடியாவிட்டால் காத்திருந்து மறுபடி போகும். ‘ஸ்கூல்ல இருக்கோம், நாலு பேரும் நல்லா இருக்கோம்’ என்று வெளியூரில் இருக்கும் ஒரே ஒரு சொந்தக்காரருக்குத் தட்டிவிட்டால் போதும். மற்றவர்கள் அவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். அந்த ஆள் யார் என்பதை ஐப்பசி பிறக்கும் முன்பே பேசி வையுங்கள். நம்பரைக் காகிதத்தில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். (இந்தக் காலத்தில் யாருக்கு யார் நம்பர் மனப்பாடம்? என் மகன் நம்பரே எனக்குத் தெரியாது.)

சேதி கேட்க, பேட்டரி போட்ட டிரான்சிஸ்டர். வாங்கும்போது மத்திய அலை (மீடியம் வேவ்) எடுக்கிறதா என்று பாருங்கள், எஃப்எம் மட்டும் போதாது. திருச்சி வானொலி டெல்டாவுக்கு வருவது மத்திய அலையில்தான். நிலையமும் கடற்கரையை விட்டுத் தள்ளி இருக்கிறது.

அப்புறம் குழாய் ஸ்பீக்கர். 2004 சுனாமியன்று சிங்கப்பூரில் இருந்த ஒருவர், புதுச்சேரி நல்லவாட்டிலுள்ள தன் வீட்டாருக்குப் போன் போட்டு எச்சரித்தார். அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் இருந்தது. கடல் நிலவரம் சொல்லப் பயன்பட்ட அதே ஸ்பீக்கரில் ஊரைக் கரையை விட்டு ஓடச் சொன்னார்கள். ஓடினார்கள், தப்பினார்கள். தினமும் கேட்டுப் பழகிய குழாய் என்பதால்தான் சனங்கள் நம்பியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். புயலுக்கென்று புதிதாகக் கட்டுகிற குழாய்க்கு அந்த மரியாதை கிடைக்காது. உங்கள் ஊர்க் கோயில் ஆம்ப்ளிஃபயர் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுமா என்று தர்மகர்த்தாவிடம் கேளுங்கள்.

? 2023 அக்டோபரில் போன் திடீரென்று அலறி, ‘சோதனைச் செய்தி’ என்றது. என் நம்பர் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

கிடைக்கவே இல்லை, தேவையும் இல்லை. ‘செல் பிராட்காஸ்ட்’ என்பது டவரே தன் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் அறிவிப்பது. நெரிசலில் மாட்டாது, நெட்டும் வேண்டாம். டவர் விழுந்துவிட்டால் மட்டும் அதுவும் ஊமை. ஆகவே புயலுக்கு முந்தைய நாள் அலறுவதற்குத்தான் அது லாயக்கு. எரிச்சல்பட்டு செட்டிங்கில் அணைத்து வைக்காதீர்கள்.

? வாட்ஸ்அப்பில் வரும் வெள்ளச் சேதியை நம்பலாமா?
- ஒரு வாசகி, தாம்பரம்

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் முதலைப் பண்ணை முதலைகள் தப்பிவிட்டன என்றார்கள், நாசா 250 சென்டிமீட்டர் மழை சொல்கிறது என்றார்கள். இரண்டும் புளுகு. எந்த ஊர், எத்தனை மணி, யார் சொன்னது என்ற மூன்றும் இல்லாத சேதியை யாருக்கும் தள்ளிவிடாதீர்கள். சந்தேகமென்றால் 1077, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. மாநிலத்துக்கு 1070.

? புயல் கூண்டில் 11-ஆம் எண் உண்டாமே? 10-ஐவிடப் பயங்கரமா?
- ஒரு மாணவர், கடலூர்

உண்டு, தம்பி. ஆனால் புயலின் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசமாகும் என்று துறைமுக அதிகாரியே தன் பொறுப்பில் முடிவு செய்து ஏற்றுவது அது. 10 வரைக்கும் சென்னையிலிருந்து சேதி வரும். 11-க்கு அவர் வானத்தைத்தான் பார்க்க வேண்டும்.