சனிக்கிழமை தவறாமல் வருகிறவர் வேண்டும்: தொண்டர் வழிகாட்டிகள் பற்றிய கேள்வி பதில்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் இளம் பிள்ளைகளுக்குத் துணை நிற்கும் தொண்டர் வழிகாட்டிகளைப் பல வருசமாகப் பயிற்றி வருகிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகள் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

மல்லாவியிலிருந்து ஒரு தங்கச்சி: நான் சாதாரண தரத்தோடு நின்றுவிட்டேன். உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு வழிகாட்டியாக வரலாமா அக்கா?

தாராளமாக வாருங்கள். ரியூசன் சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ‘இந்தக் கிழமை என்ன நடந்தது?’ என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருந்து கேட்கிறவர்கள்தான் குறைவு. ஆள் எடுக்கும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஒரு வருசம் தவறாமல் வருவாரா? அமெரிக்காவில் இதை ஆராய்ந்து 2002இல் எழுதியிருக்கிறார்கள். ஒரு வருசமோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளே கூடிய பலன் தந்தன. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன இடங்களில், பிள்ளைகள் தங்களை முன்பைவிடத் தாழ்வாக நினைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அதை நான் கண்ணாலும் கண்டேன். தொடக்கத்தில் ஒரு தம்பியைச் சேர்த்தேன், கெட்டிக்காரன். கம்பஸ் கிடைத்ததும் சொல்லாமல் போய்விட்டான். அவன் பொறுப்பில் இருந்த பெடியன் இரண்டு சனிக்கிழமை வாசிகசாலைத் திண்ணையில், கொப்பியை மடியில் வைத்தபடி, கேற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் கிழமை வரவில்லை. வேறு ஒருவரோடும் சேரவும் இல்லை. பிழை என்னுடையது. விடைபெறும் விதத்தை நான் அந்தத் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்போது முதல் நாள் பயிற்சியிலேயே சொல்லிவிடுகிறேன்: போக வேண்டி வந்தால் ஒரு மாதம் முன்பே பிள்ளைக்குச் சொல்லுங்கள், அடுத்து வருபவரை நீங்களே கூட்டிவந்து காட்டுங்கள்.

புதுக்குடியிருப்பு அண்ணை ஒருவர்: பெடியன் வாயே திறக்கிறானில்லை. 2009 போர் பற்றிக் கேட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம் அண்ணை. இப்போது பள்ளிக்கூடம் போகிறவர்களில் அநேகர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். வீட்டில் அம்மா அழுவதைத்தான் அவர்கள் கண்டிருப்பார்கள். அதைக் கிளறுவது உளவளத்துணையாளரின் வேலை. நீங்கள் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். சைக்கிள் செயின் கழன்றிருந்தால் இருவரும் குந்தியிருந்து மாட்டுங்கள். கையில் கிறீஸ் பூசியிருக்கும்போது முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, கதை தானாக வரும்.

பரந்தன் தம்பி: பிள்ளையின் தாய் நுண்கடன் கட்டக் காசு கேட்கிறார்.

கொடுக்க வேண்டாம். கொடுத்தால் பிள்ளை உங்களைக் கடன் கொடுத்தவர் போலப் பார்க்கத் தொடங்கும். தாயைப் பிரதேச செயலகத்துக்குக் கூட்டிப்போங்கள், அது போதும்.

விசுவமடு தங்கச்சி: என் பொறுப்பில் இருக்கிற பிள்ளை ‘ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்கோ அக்கா’ என்கிறாள். வீட்டில் யாரோ அடிக்கிறார்கள் போல.

சத்தியம் பண்ணாதீர்கள். ‘உனக்கு ஆபத்து என்றால் உதவக்கூடிய ஒருவருக்குச் சொல்லுவன், உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்லுவன்’ என்று சொல்லுங்கள். அப்புறம், நீங்களே அந்த வீட்டுக்குப் போய் விசாரிக்காதீர்கள். அடி அவளுக்குத்தான் விழும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கும் அழைக்கலாம். இன்றைக்கே செய்யுங்கள்.

மாங்குளத்திலிருந்து: எங்கள் வழிகாட்டிகளே களைத்துப்போகிறார்கள்.

ஆளுக்கு ஒரு பிள்ளைக்கு மேல் கொடுக்காதீர்கள். பஸ் காசைக் கொடுங்கள். மழைக்காலத்தில் இருட்டுமுன் வீடு போக விடுங்கள். மாதத்தில் ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டு, தேத்தண்ணி வைத்து, மனதில் கிடக்கிறதைப் பிள்ளையின் பெயர் சொல்லாமல் கதைக்கச் சொல்லுங்கள். அன்று வராதவருக்குப் பின்னேரமே கோல் எடுங்கள். அநேகமாக அவர்தான் ஆகக் களைத்திருப்பார்.