மோதிர விரல் சிக்குவதற்குப் புதிய கிட்டார் மருந்தாகாது

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நைலான் கம்பி கிட்டாரில், படிப்படியாக எழுதும் இசைத் தேர்வான கிரேடு தேர்வுக்குத் தயாராகிறார். பாடலின் நடுவே கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, மோதிரம், மீண்டும் நடு, ஆள்காட்டி என்று ஒரு தட்டுக்கு ஆறு சுரங்களாக ஓர் ஆர்பெஜியோ, அதாவது கார்டு எனும் சுரக்கூட்டை ஒவ்வொரு சுரமாக மீட்டும் பகுதி, வருகிறது. தாளம் தட்டிக்காட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 46 தட்டு வரை தெளிவாக வாசிக்கிறார். 50-ஐத் தொட்டதும் மோதிர விரல் சிக்குகிறது. தேவையான வேகமோ 66. “கிட்டார்தான் காரணம், 38,000 ரூபாய்க்கு நல்லதாக நாங்களே வாங்கித் தருகிறோம்” என்று வகுப்பில் சொல்கிறார்களாம். வாங்கலாமா, குளிரும் ஒரு காரணமா என்பவை அவருடைய கேள்விகள்.

வாங்க வேண்டாம். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இடக்கையை முழுவதுமாக எடுத்துவிட்டு, திறந்த கம்பிகளில் அதே ஆறு சுரங்களை 50-இல் வாசியுங்கள். அங்கும் மோதிர விரல் தடுமாறினால் குறை வலக்கையில் இருக்கிறது. எந்தக் கிட்டாரும் அதைத் தீர்க்காது. திறந்த கம்பியில் தெளிவாக வந்து, கார்டு பிடித்ததும் சிக்கினால் இடக்கையைப் பார்க்க வேண்டும். உங்கள் விவரிப்பைப் பார்த்தால் முதல் வகையாகத்தான் தெரிகிறது.

நடுவிரலையும் மோதிர விரலையும் நீட்டும் தசைநார்கள் புறங்கையில் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், மோதிர விரல் எல்லோருக்குமே சற்று அடிமைப்பட்ட விரல்தான். மெதுவாக வாசிக்கும்போது ஒவ்வொரு விரலும் தன் கம்பியைத் தேடிப் போக நேரம் இருக்கிறது. வேகம் கூடினால் அந்த நேரம் இல்லை. ஆகவே தேடலையே ஒழித்துவிட வேண்டும். கட்டைவிரல் மீட்டும் அதே கணத்தில் மற்ற மூன்று விரல்களும் தத்தம் கம்பிகளில் ஒருசேர அமர்ந்துவிடட்டும். மோதிர விரலிலிருந்து திரும்பும்போது மூன்றையும் மொத்தமாக வைக்காதீர்கள். வைத்தால் ஒலித்துக்கொண்டிருக்கும் சுரங்கள் அணைந்துவிடும். மோதிர விரல் மீட்டும்போது நடுவிரலும், நடுவிரல் மீட்டும்போது ஆள்காட்டியும், ஆள்காட்டி மீட்டும்போது கட்டைவிரலும் என ஒவ்வொன்றாக அமர வேண்டும். மீட்டிய விரல் உள்ளங்கையை நோக்கிச் சிறிதளவே மடங்கித் தளர வேண்டும். வெளியே உதறிக்கொண்டு போகக்கூடாது.

மெட்ரோனோமை நாளுக்கு இரண்டு புள்ளியாக ஏற்றிக்கொண்டே போகும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். மெதுவான வேகத்தின் அசைவை அப்படியே விரைவாக்கினால் அது வேகமான அசைவாக மாறிவிடாது. 66-லேயே தொடங்குங்கள், ஆனால் ஆறு சுரங்களை மட்டும் வாசித்து, அடுத்த கட்டைவிரல் சுரத்தில் நின்றுவிடுங்கள். கை முழுவதும் தளர்ந்த பிறகே மறுமுறை. அது தெளிவானதும் இரண்டு தொகுதி, பிறகு நான்கு. கார்டு மாறும் இடத்தில் இடக்கை விரல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்க வேண்டியதில்லை. கட்டைவிரல் மீட்டும் சுரத்துக்குரிய விரல் முதலில் போதும், மற்றவை அவற்றின் முறை வரும்போது இறங்கலாம். இத்தாலியக் கிட்டார் கலைஞர் மௌரோ ஜூலியானி 1812-இல் வெளியிட்ட 120 வலக்கைப் பயிற்சிகளும் சி, ஜி7 என்ற இரண்டே கார்டுகளில் எழுதப்பட்டவை. இடக்கைக்கு வேலை குறைந்தால்தான் வலக்கையைக் கவனிக்க முடியும் என்பது அன்றே தெரிந்திருந்தது. இவ்வளவு பழைய விஷயத்தைக்கூடச் சொல்லித் தராமல் மாணவியைக் கடைக்கு அனுப்பும் வகுப்புகளை என்னவென்று சொல்வது?

 

கிட்டாரைக் குற்றம் சொல்லக்கூடிய ஒரு நிலைமை உண்டு. மலையில் இருப்பவர்கள் அதை அறிந்திருக்க வேண்டும். உங்கள் ஊரில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், நாள்கணக்கில் மூடுபனி நிற்கும்போது, மரம் ஈரத்தை உறிஞ்சி மேல்பலகை புடைக்கும். அதன் மேல் கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் உயர்ந்து, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃபிரெட்டுகளிலிருந்து கம்பிகள் விலகும். பன்னிரண்டாவது ஃபிரெட்டின் மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, கம்பியின் அடிப்பகுதி வரை அளந்து பாருங்கள். ஆறாவது கம்பிக்கு 4 மில்லிமீட்டர், முதல் கம்பிக்கு 3 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் சரி. 5-ஐ எட்டினால் இடக்கை உண்மையிலேயே சோர்ந்துபோகும். அப்போதும் புதிய கிட்டார் வேண்டாம், பிரிட்ஜில் செருகியிருக்கும், கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டான சாடிலை மாற்றினால் போதும். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் 1 மில்லிமீட்டர் குறைய, சாடிலின் அடியில் 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். ஆனால் மழைக்காலத்தில் இருக்கிற சாடிலையே தேய்த்துவிடாதீர்கள். பிப்ரவரியில் காற்று உலர்ந்து மேல்பலகை இறங்கும்போது கம்பிகள் ஃபிரெட்டில் உரசி இரைச்சலிடும். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. உயரம் குறைந்த இரண்டாவது சாடில் ஒன்று செய்து, மழைக்கு அது, வெயிலுக்குப் பழையது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருப்பது கிட்டாருக்கு நல்லது. வாசிக்காத நேரத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். ஹீட்டர் அருகே வைத்து உலர்த்தினால் பலகை வெடிக்கும்.

விலை கூடிய கிட்டார்களின் மேல்பலகை பெரும்பாலும் முழு மரத்தால் ஆனது. ஒலி சிறப்பாக இருக்கும், ஆனால் ஒட்டுப்பலகையைவிட ஈரத்துக்கு எளிதில் அசைந்துகொடுக்கும். ஆகவே, உங்களுக்கு விற்கப் பார்க்கும் கருவி உங்கள் ஊர் மழையில் இப்போதிருப்பதைவிட அதிகம் தொல்லை தரக்கூடும். இதை அவர்கள் சொன்னார்களா? கற்பிப்பவர் வாங்கியும் தரும்போது, கடை தரும் பங்கு அந்த ஆலோசனைக்குள் புகுந்துவிடுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். வகுப்பில் இருக்கும் நல்ல கிட்டாரைக் கேட்டு வாங்கி, அதே பகுதியை 50-இல் வாசியுங்கள். அதிலும் மோதிர விரல் சிக்கினால் பேச்சு முடிந்தது. மறுத்தால், ஏன் மறுக்கிறார்கள் என்று யோசியுங்கள். என்றைக்காவது வாங்குவதானாலும் கடைக்கு நீங்களே போய், உங்கள் பெயரில் பில் வாங்குங்கள்.

கிரேடு தேர்வுகளில் கிட்டாரின் விலைக்கு மதிப்பெண் கிடையாது. ஆண்டு முழுவதும் மூன்று, நான்கு பாடல்களையே உருப்போட வைத்து, புதிய பக்கம் ஒன்றைத் திறந்தால் வாசிக்கத் தெரியாத மாணவர்களுக்குச் சான்றிதழ் வாங்கித் தரும் இந்த ஓட்டம் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. இந்தத் தேர்வுகளை நடத்தும் பிரிட்டிஷ் அமைப்புகளான ட்ரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் இரண்டும் 2020 முதல் வாசிப்பைக் காணொளியாகப் பதிந்து அனுப்பும் தேர்வுகளையும் நடத்துகின்றன. உங்கள் வகுப்பு தேதியைச் சொல்லி நெருக்கினால், இந்த வழியையும் விசாரித்துப் பாருங்கள். தயாராகாத பகுதியோடு தேர்வுக்குப் போக வேண்டாம்.

குளிரைப் பற்றி: ஆம், குளிர்ந்த விரல் மெதுவாகத்தான் இயங்கும். ஆனால் வாசிப்பதற்கு முன் வெந்நீரில் கையை ஊறவைக்காதீர்கள். நகம் மென்மையாகி ஒலி மங்கிவிடும். சிறிது நேரம் கையுறை போட்டுச் சூடேற்றிவிட்டு, திறந்த கம்பிகளில் மெதுவாகத் தொடங்குங்கள். மணிக்கட்டில் வலியோ விரலில் மரத்துப்போவதோ தொடர்ந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த முறையில் இரண்டு வாரம் பயின்ற பிறகும் திறந்த கம்பியில் 50 வரவில்லை என்றால், பன்னிரண்டாவது ஃபிரெட்டின் அளவையும் குறிப்பிட்டு மீண்டும் எழுதுங்கள்.